கைப்பேசி வைத்தியம்

நம் நாட்டில் ஒருவனுக்கு வியாதி வந்தால் அவன் முதலில் போய் நின்ற இடம் வெகு காலமாகக் கோடாங்கி வீட்டு வாசலாகவோ, கோவில் நடையாகவோ, ஜோசியன் திண்ணையாகவோ இருந்து வந்தது. இன்றைக்கு அந்த முதல் இடம் அவனுடைய சட்டைப் பைக்குள்ளேயே இருக்கின்றது. மார்பு படபடத்தால் போனை எடுக்கின்றான். பிள்ளைக்கு உடம்பில் தடிப்புக் கண்டால் தாய் போனைத் தேடுகின்றாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் இருப்பது இன்ன மருந்தென்று தெரிய வேண்டுமானாலும் போன்தான். அந்த டாக்டரே மருந்தின் அளவைப் போனில் ஒரு தடவை பார்த்துக் கொண்டுதான் எழுதுகின்றார் என்பது ஊரறிந்த சங்கதி. அதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. பார்க்காமல் தப்பாக எழுதுவதைவிடப் பார்த்துச் சரியாக எழுதுவது ஆயிரம் மடங்கு மேல்.

ஆகவே இந்த மாறுதலிடத்தில் நமக்கு விரோதம் ஒன்றுமில்லை. வேப்பிலை அடிக்கப் போகாமல் அறிவைத் தேடிப் போகின்றவனை நாம் எதற்காகத் தடுக்க வேண்டும்? நமக்குள்ள கவலையெல்லாம் வேறு. "சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது" என்று சொன்னவுடன் வாயை மூடிக்கொண்ட ஜனங்கள், இப்போது "போனில் போட்டிருக்கிறது" என்று சொன்னவுடன் அதே மாதிரி வாயை மூடிக்கொள்ளுகின்றார்கள். ஓலைச் சுவடிக்குப் பதில் கண்ணாடித் திரை வந்திருக்கின்றதே தவிர, கேள்வி கேளாமல் தலையாட்டும் குணம் அப்படியே இருக்கின்றது. எந்தச் செயலியை வைத்துக்கொள்ளலாம், எதைத் தள்ள வேண்டும் என்று பல தோழர்கள் நம்மைக் கேட்டுக் கொண்டிருப்பதால் நமது அபிப்பிராயத்தை இங்கு எழுத முன்வந்தோம்.

முதலில், புரட்டு என்பது எவ்வளவு துணிச்சலாக நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் 2014-ம் வருஷம் ஜூன் மாதம் ஒரு கம்பெனி ரத்தக் கொதிப்பை அளக்கும் செயலி என்பதாக ஒன்றை விற்பனைக்கு விட்டது. கையில் பட்டை கட்ட வேண்டாம், காற்றடிக்க வேண்டாம். விரலைப் போனின் காமிரா மேல் வைத்துக் கொண்டு, போனை மார்பில் அணைத்துக் கொண்டால் போதும், ரத்த அழுத்தம் இவ்வளவு என்று எண் வந்துவிடும் என்பது விளம்பரம். விலை ஏறக்குறைய 5 டாலர். ஒரு வருஷத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் அது 1,48,000 பிரதிகளுக்குக் குறையாமல் விற்றது. பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர்கள் 85 பேரை உட்கார வைத்து, ஒரு பக்கம் ஒழுங்கான கருவியாலும் மறு பக்கம் இந்தச் செயலியாலும் அளந்து பார்த்தார்கள். 2016-ல் வெளியான அந்தப் பரீட்சையின் முடிவு என்னவென்றால், கொதிப்பு மெய்யாகவே அதிகமாக இருந்தவர்களில் 100-க்கு 77 பேருக்கு மேல் அந்தச் செயலி "உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லியிருந்தது என்பதாகும். அதே வருஷம் டிசம்பரில் அமெரிக்க சர்க்காரின் வியாபாரக் கமிஷன் அந்தக் கம்பெனியின் மேல் நடவடிக்கை எடுத்து, அப்படி விளம்பரம் செய்யக் கூடாதென்று தடுத்தது. ஏறக்குறைய 6 லட்சம் டாலர் கட்ட வேண்டுமென்று தீர்ப்பாகியும், கொடுக்கச் சக்தியில்லை என்பதால் அது நிறுத்தி வைக்கப்பட்டது.

இதில் வாசகர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. காமிராவின் மேல் விரலை வைத்து நாடித் துடிப்பை எண்ணுவது பொய்யல்ல. ஒவ்வொரு துடிப்புக்கும் விரலிலுள்ள ரத்தம் கூடிக் குறைவதால் விரலில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் மாறுகின்றது, அதை எண்ணிவிடலாம். ஆனால் நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்பது வேறு. ரத்தம் குழாயின் சுவரை எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பது வேறு. முன்னது மெய்யாக இருப்பதைக் காட்டி, பின்னதையும் நம்ப வைத்ததுதான் இங்கு நடந்த வித்தை. சாமியார்கள் கையாளும் முறையும் இதுதானல்லவா? இரண்டு மூலிகை விஷயம் அவனுக்கு நிஜமாகவே தெரிந்திருக்கும். அந்த இரண்டைக் கொண்டு இருநூறு பொய்யை விற்றுவிடுவான்.

பொய் எண்ணால் வரும் கெடுதி சில்லறையானதல்ல. ரத்தக் கொதிப்பு என்பது வலி கொடுத்து எச்சரிக்கிற வியாதி அல்ல. உள்ளே இருந்துகொண்டே மூளையையும் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டு ஒரு நாள் ஆளைத் தள்ளும். அப்படிப்பட்டவனிடம் "ஒன்றுமில்லை" என்று ஒரு திரை சொல்லிவிட்டால், அவன் மாத்திரையை நிறுத்திவிடுவான். நம் தமிழ்நாட்டில் 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் "மக்களைத் தேடி மருத்துவம்" ஆரம்பிக்கப்பட்டது முதல், ஒழுங்கான கருவியைக் கொண்டு வீட்டுக்கே வந்து கொதிப்பையும் சர்க்கரையையும் பார்த்து மாத்திரை கொடுக்க ஏற்பாடு இருக்கின்றது. காசில்லாமல் கிடைக்கும் உண்மையான அளவை விட்டுவிட்டுக் காசு கொடுத்துப் பொய் அளவை வாங்குவதைப் பைத்தியக்காரத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மோசடிக்காரன் செய்தது தப்பாகிவிட்டது, யோக்கியன் செய்தால் சரியாக இருக்கும் என்று சிலர் சொல்லலாம். அதுவும் போதாது. சர்க்கரை வியாதிக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன் எத்தனை யூனிட் இன்சுலின் போட்டுக் கொள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் செயலிகள் பல இருக்கின்றன. லண்டனைச் சேர்ந்த ஆராய்ச்சிக்காரர்கள் அவற்றில் 46-ஐ எடுத்துச் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். 31 செயலிகளில் தப்பான அளவைச் சொல்லிவிடக் கூடிய ஆபத்து இருந்தது. 42-ல், போடுகின்ற எண் நம்பத் தகுந்ததா என்று சரி பார்க்கும் ஏற்பாடே ஒழுங்காக இல்லை. 27-ல், கேட்ட விவரத்தில் ஒன்றிரண்டை நிரப்பாமல் விட்டால்கூட அது பாட்டுக்குக் கணக்குப் போட்டு விடை கொடுத்தது! எந்தச் சூத்திரத்தால் கணக்குப் போடுகிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னவை 14-தான். குற்றமில்லாமல் தேறியது ஒன்றே ஒன்று. இவற்றைச் செய்தவர்களில் திருடர்கள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? பெரும்பாலோர் நல்லெண்ணத்துடன்தான் செய்திருப்பார்கள். ஆனால் இன்சுலின் அளவு தப்பினால் ஆள் மயங்கி விழுவான். கவனிக்காவிட்டால் செத்தும் போவான். நல்லெண்ணம் அவனை எழுப்பாது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் உயிர்போகும் விஷயம். நம் ஊரில் ரத்தச் சர்க்கரையை மில்லிகிராம் கணக்கில் சொல்லுகின்றோம். இங்கிலாந்து முதலிய இடங்களில் மில்லிமோல் என்ற வேறு கணக்கு. அங்கே 10 என்றால் இங்கே 180. அந்த ஊருக்கென்று செய்த செயலியை இங்கே இறக்கிக் கொண்டு, அலகு எது என்று பாராமல் எண்ணைப் போடுகின்றவன் எந்தக் கதிக்கு ஆளாவான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கணக்குச் சொல்லும் எந்தச் செயலியும் தன் சூத்திரத்தைக் காட்ட வேண்டும், காட்டாததைத் தொடக்கூடாது. மந்திரத்தின் அர்த்தத்தைக் கேட்கக் கூடாது என்று சொன்ன புரோகிதனுக்கும், சூத்திரத்தை மறைக்கும் செயலிக்கும் நாம் ஒரு வித்தியாசமும் காணவில்லை.

நிற்க, "சர்க்கார் பார்த்து அங்கீகரித்ததை உபயோகித்தால் போதாதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். இங்கிலாந்தில் சர்க்கார் வைத்திய இலாகாவே நம்பகமான செயலிகளுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. அந்தப் பட்டியலில் இருந்த 79 செயலிகளை 2015-ல் பரிசோதித்தபோது, ஆளை அடையாளம் காட்டும் விவரத்தை இன்டர்நெட் மூலம் அனுப்பிய 35-ல் 23 செயலிகள் அதை மறைகுறியாக்காமல் அப்பட்டமாக அனுப்பியது தெரிய வந்தது. நான்கு செயலிகள் பெயரையும் வியாதியையும் சேர்த்தே அப்படி அனுப்பின. அந்தப் பட்டியல் அதே வருஷம் மூடப்பட்டது. நம் நாட்டிலும் 2020-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வைத்தியக் கருவிகள் என்ற சட்ட வரையறைக்குள் வைத்தியத்திற்கான மென்பொருளும் சேர்க்கப்பட்டிருக்கின்றது. நல்லதுதான். முத்திரை இருப்பது இல்லாததைவிட மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முத்திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக் கொள்ளலாம் என்று எண்ணுவது தப்பு.

பெயர் விவரம் போனால் என்ன கெட்டுவிடும் என்று அலட்சியமாய் நினைப்பவர்கள் பெண்களுடைய நிலையைச் சற்று யோசிக்க வேண்டும். மாதவிடாய்க் கணக்கை எழுதி வைக்கும் ஃப்ளோ என்ற செயலியை உலக முழுவதும் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் உபயோகித்து வந்தார்கள். பிறருக்குச் சொல்ல மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பெண் கருத்தரித்திருக்கிறாள் என்பது போன்ற செய்தியை ஃபேஸ்புக், கூகுள் முதலிய கம்பெனிகளின் விளம்பர, கணக்கெடுப்புப் பிரிவுகளுக்கு அது அனுப்பி வந்ததாக அமெரிக்க வியாபாரக் கமிஷன் குற்றம் சாட்டி, 2021-ம் வருஷம் ஜனவரியில் உடன்பாட்டுக்குக் கொண்டு வந்தது. கம்பெனி குற்றத்தை ஒப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் இனிமேல் கேட்காமல் கொடுப்பதில்லை என்ற நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. புருஷனுக்கும் மாமியாருக்கும் சொல்வதற்கு முன் விளம்பரக்காரனுக்குத் தெரிந்துவிடுகிற கர்ப்பத்தை என்னவென்று சொல்வது? பெண்ணின் உடம்பு அவளுக்கே சொந்தம் என்று நாம் மேடைதோறும் பேசுகின்றோம். அவள் உடம்பைப் பற்றிய கணக்கும் அவளுக்கே சொந்தமாக இருக்க வேண்டாமா? ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இந்த வேலைக்குப் போதும். செயலிதான் வேண்டுமென்றால், பெயரும் போன் எண்ணும் கேளாமல், எழுதியதைப் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்வதாக இருக்கட்டும்.

இனி டாக்டர்களிடம் வருவோம். படிக்காதவன்தான் ஏமாறுவான், டாக்டர் ஏமாறமாட்டார் என்று எண்ணிக் கொண்டிருப்பவர்கள் பிராக்டிஸ் ஃப்யூஷன் என்ற கம்பெனியின் கதையைத் தெரிந்து கொள்வது நலம். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளிகளின் குறிப்புகளை எழுதி வைக்கும் மென்பொருள் அது. ஆரம்பத்தில் டாக்டர்களுக்கு இனாமாகவே கொடுக்கப்பட்டது. டாக்டர் நோயாளியைப் பார்க்கும்போது, "இந்த நோயாளியின் வலிக்கு இன்ன சிகிச்சையை யோசிக்கவும்" என்பதாகத் திரையில் ஒரு அறிவிப்பு எழும்பும். டாக்டர் அதை வைத்திய நூலின் வாக்கு என்று நினைத்திருப்பார். உண்மையில் அபினி வகை வலிமருந்து செய்யும் ஒரு கம்பெனியிடம் கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர் வாங்கிக் கொண்டு, அந்த மருந்து அதிகமாக விற்க வேண்டும் என்ற நோக்கத்துடன் அந்த அறிவிப்பு அமைக்கப்பட்டது. அது 2016 முதல் 2019 வரை நடந்தது. அதே காலத்தில்தான் அந்த நாட்டில் அப்படிப்பட்ட மருந்துகளுக்கு அடிமையாகி வருஷந்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் செத்துக் கொண்டிருந்தார்கள். 2020-ம் வருஷம் ஜனவரியில் அந்தக் கம்பெனி உண்மையை ஒப்புக் கொண்டு 14½ கோடி டாலர் கட்ட இசைந்தது.

இதைப் படித்த பின்பும் "இனாமாகக் கிடைக்கின்றதே" என்று ஒரு டாக்டர் மகிழ்ச்சி அடைவாரானால் அவருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. கோவிலில் சுண்டல் இனாம். அதன் செலவை உண்டியல் கட்டுகின்றது. இனாம் செயலிக்கும் ஒரு உண்டியல் எங்கேயோ இருக்கின்றது. அது சர்க்கார் வரிப்பணமா, சர்வகலாசாலையின் மானியமா, மருந்துக் கம்பெனியின் விளம்பரமா, நோயாளியின் ரகசியமா என்பதைக் கண்டுபிடிப்பதுதான் செயலியைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை. இந்த மாதிரி விஷயத்தில் காசு கொடுத்து வாங்குவது சில சமயம் மலிவு. அப்டுடேட் என்ற நூல்செயலி மருந்துக் கம்பெனி விளம்பரம் வாங்குவதில்லை. எந்தப் பகுதியை யார் எழுதினார், எந்த ஆராய்ச்சியை வைத்து எழுதினார் என்பதைப் பெயரோடு காட்டுகின்றது. ஆனால் சந்தா சிறு டாக்டரால் தாங்கக் கூடியதல்ல. வேலை செய்கிற ஆஸ்பத்திரியோ கல்லூரியோ சந்தா கட்டியிருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். கட்டவில்லை என்றால் கட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். எம்டிகால்க் என்பது 2005-ல் ஆரம்பிக்கப்பட்ட கணக்குச் செயலி. நாம் மேலே சொன்ன குணம் அதில் இருக்கின்றது. கணக்குக்குக் கீழேயே அது எந்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது, எப்படிப்பட்ட நோயாளிக்குப் பொருந்தும், எப்படிப்பட்டவருக்குப் பொருந்தாது என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துக் கொள்பவர் எந்தச் செயலியாலும் பயனடையமாட்டார்.

"யாருக்குப் பொருந்தும்" என்ற இந்தக் கேள்வியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. ஏனெனில் நம் டாக்டர்கள் அதிகமாகக் கவனியாமல் விடுவது இதைத்தான்.

மாரடைப்பு வரக்கூடுமா என்று கணக்கிட அமெரிக்காவில் 2013-ல் வெளியிட்ட சூத்திரம் அந்நாட்டு வெள்ளையர்களையும் கறுப்பர்களையும் வைத்துச் செய்யப்பட்டது. அதில் நம்மவருக்கென்று கட்டமே கிடையாது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு 2019-ல் திருத்தப்பட்டு, உலகத்தை 21 பிரதேசங்களாகப் பிரித்து, தெற்காசியாவுக்கென்று தனியாகக் கொடுத்திருக்கின்றது. ரத்தப் பரிசோதனை செய்ய வசதியில்லாத இடத்துக்கும் அதில் ஒரு அட்டவணை உண்டு. கிராமத்து ஆஸ்பத்திரிக்கு எது உதவும் என்பதை இதிலிருந்தே தெரிந்து கொள்ளலாம். மருந்து விஷயமும் அப்படியே. இரண்டு மருந்தையும் மூன்று மருந்தையும் ஒரே மாத்திரையில் சேர்த்து ஒரு பெயர் வைத்து விற்பது நம் நாட்டு வியாபாரிகளின் பழக்கம். 2018-ல் மத்திய சர்க்கார் இப்படிப்பட்ட சேர்க்கைகளில் 328-ஐ ஒரே உத்தரவில் தடை செய்தது என்றால் எவ்வளவு குப்பை இருந்திருக்கும் என்று பார்த்துக் கொள்ளுங்கள். அமெரிக்கச் செயலியில் இந்தப் பெயர்களைத் தேடினால் கிடைக்காது. ஆகவே சீட்டில் உள்ள வியாபாரப் பெயரை விட்டுவிட்டு, அதற்குள் இருக்கும் மருந்துகளின் பெயரைத் தனித்தனியாகப் போட்டுத்தான் ஒன்றுக்கொன்று ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டும்.

பாம்புக் கடியை எடுத்துக் கொள்ளுங்கள். அமெரிக்க நூல்செயலி கிலுகிலுப்பைப் பாம்பைப் பற்றியும் அதற்கான விஷமுறிவு மருந்தைப் பற்றியும் விஸ்தாரமாகச் சொல்லும். நம் வயல்களில் இருப்பவை நாகமும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும். இந்த நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்து நம் நாட்டில் செய்யப்படுகின்றது. ஆகையால் கடித்த பாம்பைத் தேடிப் படம் பிடித்து, எந்தச் செயலியாவது அதன் பெயரைச் சொல்லுமா என்று பார்த்துக் கொண்டிருப்பது, மந்திரிப்பவனிடம் ஓடி நேரத்தைப் போக்கியதற்குச் சமானம். கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் வைத்துக் கொண்டு, இறுக்கிக் கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல், 108-ஐக் கூப்பிட்டு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வேலை. போனுக்கு அங்கே உள்ள ஒரே உபயோகம் கூப்பிடுவது.

தோல் விஷயத்திலும் இதே பேதம்தான். மச்சத்தைப் படம் பிடித்தால் புற்றுநோயா என்று சொல்லிவிடும் செயலிகள் நான்கை 2013-ல் பரீட்சை செய்தார்கள். அவற்றில் மூன்று, மெய்யாகவே புற்றுநோயாக இருந்தவற்றில் 100-க்கு 30-க்குக் குறையாமல் "பயமில்லை" என்று சொல்லின. நான்காவது ஒன்றே ஒன்றைத்தான் தவறவிட்டது. அதன் சூட்சுமம் என்னவென்று பார்த்தால், அது படத்தை ஒரு தோல் டாக்டருக்கு அனுப்பி அவரைக் கேட்டுச் சொல்லிற்று! அதற்குப் பின் இயந்திரங்கள் வெகுவாக முன்னேறியிருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவை எதைப் பார்த்துப் படித்தன? இயந்திரங்களுக்குப் பாடமாகக் கொடுக்கப்பட்டு வெளிப்படையாகக் கிடைக்கும் தோல் படத் தொகுப்புகளை 2021-ல் ஆராய்ந்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படங்களில், தோலின் நிறம் குறித்து வைக்கப்பட்டிருந்தது 2,436 படங்களுக்கு மட்டுமே. அவற்றில் மாநிறத் தோல் 10. கரும் பழுப்பு அல்லது கறுப்புத் தோல் ஒன்று. வெள்ளைத் தோலையே பார்த்துப் பழகியது நம் கறுத்த தோலைப் பார்த்து என்ன சொல்லும்? நிற பேதமும் பிறவி பேதமும் மனிதன் மனத்தில் மட்டும் இருக்கின்றன என்று நினைத்தோம். இப்போது எண்ணும் படமுமாகப் போய் இயந்திரத்திலும் உட்கார்ந்து கொண்டிருக்கின்றன.

வியாதியின் குறிகளைச் சொன்னால் இன்ன நோய் என்று சொல்லும் செயலிகளைப் பற்றியும் பலர் கேட்கின்றார்கள். 2015-ல் இப்படிப்பட்ட 23-ஐ 45 மாதிரி நோயாளிகளின் விவரத்தைக் கொண்டு சோதித்ததில், சரியான நோயை முதலாவதாகச் சொன்னது 100-க்கு 34 தடவைதான். அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவனைப் போகச் சொன்னது 80 தடவை. மிச்சம் 20 தடவையின் கதி என்ன என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளட்டும். லண்டனில் ஒரு கம்பெனி 2018-ல் தன் இயந்திரம் டாக்டர் பரீட்சைக் கேள்விகளில் டாக்டர்களையே மிஞ்சிவிட்டது என்று தம்பட்டம் அடித்தது. டாக்டர்களின் சங்கம் அதை ஆட்சேபித்தது. 2021-ல் 400 கோடி டாலருக்கு மேல் மதிப்பு என்று பங்குச் சந்தைக்குப் போன அந்த பாபிலோன் என்ற கம்பெனி 2023-ல் திவாலாகிவிட்டது. இப்போது எதைக் கேட்டாலும் சரளமாய்ப் பதில் சொல்லும் பேச்சு இயந்திரங்கள் வந்திருக்கின்றன. தமிழிலும் பேசுகின்றன. டாக்டர் எழுதிக் கொடுத்த அறிக்கையில் உள்ள வார்த்தைக்கு அர்த்தம் கேட்பதற்கும், டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று யோசித்துக் கொண்டு போவதற்கும் அவை உதவும் என்பதை மறுக்க மாட்டோம். ஆனால் தெரியாததையும் தெரிந்த குரலிலேயே சொல்வது அவற்றின் சுபாவம். இல்லாத புத்தகத்தை ஆதாரம் காட்டும் சாமர்த்தியமும் அவற்றுக்கு உண்டு. இதில் நம் புராணிகர்கள் அவற்றுக்கு அண்ணன்மார்கள். நம் நாட்டில் 2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் வெளியிடப்பட்ட தொலைவழி வைத்திய விதிகள், இப்படிப்பட்ட இயந்திரம் டாக்டருக்கு உதவலாமே ஒழிய, தானே நோயாளிக்கு மருந்து எழுதக் கூடாது என்று திட்டமாகச் சொல்லியிருக்கின்றன. அதே விதிகளின்படி போனில் வைத்தியம் பார்க்கும் டாக்டர் தம் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும். எண்ணைக் காட்டாதவன் டாக்டரல்ல என்று வைத்துக் கொள்வதே ஜாக்கிரதை.

இனி நோயாளிக்கு உண்மையில் பிரயோஜனப்படுபவை எவை? நமது அபிப்பிராயத்தில் சாமானிய ஜனங்களுக்கு முதலாவதாக வேண்டியது நோயைக் கண்டுபிடிக்கும் செயலி அல்ல. விலையைக் கண்டுபிடிக்கும் செயலி. மருந்து விலைகளைக் கட்டுப்படுத்தும் மத்திய அதிகார சபை 2016-ல் "பார்மா சஹி தாம்" என்று ஒன்றை வெளியிட்டு, 2022-ல் திருத்தியும் கொடுத்திருக்கின்றது. மருந்தின் வியாபாரப் பெயரைப் போட்டால், அதற்குள் என்ன இருக்கின்றது, விலை என்ன, அதே மருந்தை வேறு கம்பெனிகள் என்ன விலைக்குக் கொடுக்கின்றன என்பதைப் பார்க்கலாம். அதிக விலை வாங்கினால் புகாரும் செய்யலாம். "ஜன் ஔஷதி சுகம்" என்று 2019-ல் வந்தது, மலிவு மருந்துக் கடை பக்கத்தில் எங்கே இருக்கின்றது என்பதையும், கம்பெனிப் பெயர் மருந்துக்கும் அதற்கும் உள்ள விலை வித்தியாசத்தையும் காட்டும். டாக்டரிடம் போக வண்டியில்லாத ஊர்களுக்கு "இ-சஞ்சீவனி" என்ற சர்க்கார் ஏற்பாட்டில் காசில்லாமல் டாக்டரிடம் போனில் பேசலாம். இவற்றின் பெயர்களைப் பார்த்தீர்களா? சஹி தாமாம், ஔஷதி சுகமாம், சஞ்சீவனியாம்! தமிழனுடைய வரியிலும் சேர்ந்து நடக்கிற காரியத்துக்குத் தமிழனுக்கு விளங்காத பெயர். ஒரு கிழவிக்கு இந்தப் பெயரைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் அவள் பழைய விலைக்கே மருந்தை வாங்கிக் கொண்டு போய்விடுவாள். பெயர் எப்படியானாலும் காரியம் நல்ல காரியம் என்பதால் சொல்லுகின்றோம். ஆனால் ஒரு எச்சரிக்கை: மலிவாக இருக்கின்றது என்று தானாகவே மருந்தை மாற்றிக் கொள்ளக் கூடாது. வலிப்பு, தைராய்டு முதலிய சில நோய்களுக்கு ஒரு கம்பெனி மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைக்கூட டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

மருந்து சாப்பிட்டதனால் உடம்பில் வேறு கோளாறு வந்தால் அதைச் சர்க்காருக்குத் தெரிவிக்கவும் ஒரு செயலி இருக்கின்றது. 1800-180-3024 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்தும் சொல்லலாம். நம்மவர்கள் "என் தலைவிதி" என்று சும்மா இருந்துவிடுகின்றார்கள். ஒருவனுக்கு வந்தால் விதி என்பான்; ஆயிரம் பேர் சொன்னால் அது மருந்தின் குற்றம் என்று வெளிப்பட்டுவிடும்.

வைத்திய மாணாக்கர்களுக்கு ஒரு வார்த்தை. நம் இயக்கக் குடும்பங்களிலிருந்து, வீட்டில் முதல் முதலாகப் படிக்கும் பிள்ளைகள் பலர் இன்று வைத்தியக் கல்லூரிகளில் இருக்கின்றார்கள். பாடம் சொல்லுகின்றோம் என்று பதினாயிரக்கணக்கில் வாங்கும் செயலிகளின் விளம்பரம் அவர்களை மிரட்டுகின்றது. அவ்வளவும் அவசியம் என்று நாம் நினைக்கவில்லை. ஆங்கி என்ற செயலி 2006 முதல் இருக்கின்றது. ஆண்ட்ராய்டு போனிலும் கம்ப்யூட்டரிலும் இனாம், ஐபோனில் மட்டும் விலை. படித்ததைக் கேள்வி பதிலாக எழுதி வைத்தால், மறக்கும் தறுவாயில் அதைத் திரும்பக் கேட்கும். இனாம் என்றால் உண்டியல் எங்கே என்று கேட்கச் சொன்னோமே, இதற்கு அந்த ஐபோன் விலைதான் உண்டியல்; ஒளிவு மறைவில்லை. ஆனால் அமெரிக்க மாணாக்கர்கள் தங்கள் பரீட்சைக்கென்று எழுதி வைத்த கேள்விக் கட்டுகளை அப்படியே இறக்கிக் கொண்டு உருப்போடுவது நமக்குச் சரியாகப் படவில்லை. நம் பிள்ளைகள் நாளைக்குப் பார்க்கப் போவது டெங்குவும் காசநோயும் பூச்சிமருந்து குடித்தவர்களும். கேள்வியைத் தாமே எழுதுவதுதான் பாதிப் படிப்பு. மருந்தளவுக் கணக்கையும் முதலில் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு செயலியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். தாளில் போடத் தெரியாதவன் செயலி பிசகினால் கண்டுபிடிக்க மாட்டான்.

நம் ஊர்ப் படிப்பகங்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்திரிகை படிக்க வரும் வாலிபர்கள், போன் பார்க்கத் தெரியாத பெரியவர்களுடைய மருந்துச் சீட்டை வாங்கி, அந்த மருந்துகளின் விலையை மேலே சொன்ன இரண்டு செயலிகளிலும் பார்த்து, தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதை ஒரு வேலையாக வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் அந்தத் தாளை டாக்டரிடம் காட்டி, "இதே மருந்தை மலிவில் வாங்கலாமா?" என்று கேட்கட்டும். அப்படிக் கேட்டதில் எவ்வளவு மிச்சமாயிற்று, டாக்டர் என்ன பதில் சொன்னார், கடைக்காரர் என்ன சொன்னார் என்பதை ஒரு கார்டில் நமக்கு எழுதியனுப்பினால் இடம் உள்ள மட்டும் பிரசுரிப்போம். ஊர்ப் பெயரும் மருந்தின் பெயரும் இரண்டு விலையும் போதும். நோயாளியின் பெயரை எழுத வேண்டாம்.